உயிரோடிருந்த தெய்வத்திரு

பெரம்பலூரில் அரசுத் தேர்வுக்குப் பயிற்சி கொடுக்கும் ஒரு மையத்தில் நான் வகுப்பெடுக்கிறேன். அதாவது மற்றவர்கள் மண்டையில் விஷயங்களை ஏற்றி, தேர்வு நாள் வரைக்கும் இறங்காமல் பார்த்துக்கொள்வதற்குச் சம்பளம் வாங்குகிறேன். ஆறுகளுக்கு ஒரு பாட்டு, மன்னர்களுக்கு ஒரு கதை, சட்டத் திருத்தங்களுக்கு என் அம்மா காதில் விழக் கூடாத ஒரு வாக்கியம். பிள்ளைகள் தேர்வு எழுதிவிட்டு வந்து, "பாட்டு முழுசா ஞாபகம் இருந்துச்சு மேடம், ஆறுதான் எதுன்னு தெரியல" என்பார்கள். மனித மூளை மேல் எனக்கு உள்ள மரியாதை அவ்வளவுதான்.

என் குடும்பத்தைப் பார்த்தால் அந்த மரியாதையும் போய்விடும். அம்மா அடுப்பில் பால் வைத்ததை மறப்பார். சாவியைக் கையில் வைத்துக்கொண்டே வீடு முழுக்கத் தேடுவார். ஆனால் ஜெயங்கொண்டத்தில் யார் வீட்டுக் காதுகுத்திலோ தன் இலைக்கு மட்டும் அப்பளம் வைக்காமல் நகர்ந்தவன் என்ன நிறச் சட்டை போட்டிருந்தான் என்று இன்றைக்கும் சொல்வார். எங்கள் பக்கத்து ஆட்கள் ஏறக்குறைய எல்லாருமே இப்படித்தான். நல்லது செய்தவர்களை அடுத்த அறுவடைக்குள் மறந்துவிடுவோம். மதிக்காமல் போனவர்களுக்கு மட்டும் மண்டைக்குள் பட்டா போட்டுக் கொடுத்துவிடுவோம். ஒரு விஷயம் மறக்காமல் இருக்க வேண்டுமென்றால் அதில் கொஞ்சம் அவமானத்தைக் கலந்து கொடுத்தால் போதும். இதை நான் வகுப்பில் சொல்வதில்லை. சொன்னால் பெற்றோர்கள் சண்டைக்கு வருவார்கள், அதையும் மறக்க மாட்டார்கள்.

என் அப்பா அரசுப் பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய ஒரே தம்பி, என் சித்தப்பா, தா.பழூரில் நெல் வயலைப் பார்த்துக்கொண்டு அங்கேயே இருப்பவர். இருவருக்கும் பத்து வருடத்துக்கு மேல் பேச்சுவார்த்தை கிடையாது. காரணம், ஒரு கல்யாணப் பத்திரிகையில் அச்சான ஒரே ஒரு சொல்.

எங்கள் ஊர்ப் பத்திரிகையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அதில் கல்யாணத்துக்கான விவரம் நாலு வரி இருக்கும். மீதி முழுக்க உறவுக்காரர்களின் பெயர்கள். பெரியப்பா, சித்தப்பா, தாய்மாமன், அத்தை வீட்டுக்காரர் என்று ஒருவர் விடாமல் போட்டாக வேண்டும். ஒரு பெயர் விட்டுப்போனாலும் அந்தக் கல்யாணம் நடக்கும், ஆனால் நிம்மதியாக நடக்காது. உயிரோடு இல்லாதவர்களையும் விடுவதில்லை. அவர்கள் பெயருக்கு முன்னால் 'தெய்வத்திரு' என்று மரியாதையாகச் சேர்த்துவிடுவோம். இருக்கும்போது கொடுக்காத மரியாதையை அச்சில் கொடுப்பது எங்கள் வழக்கம்.

சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு அடித்த பத்திரிகையில் முதல் வரி என் தாத்தாவுடையது. அவர் எப்போதோ போய்விட்டதால் அவருக்குத் 'தெய்வத்திரு' சரிதான். அடுத்த வரி என் அப்பாவுடையது. அச்சகத்துப் பையனுக்கு என்ன அவசரமோ, மேல் வரியை அப்படியே எடுத்துக் கீழே போட்டு, பெயரை மட்டும் மாற்றிவிட்டான். என் அப்பா தெய்வத்திரு ஆனார்.

சித்தப்பா தட்டில் வெற்றிலை பாக்கு, பழத்தோடு முதல் பத்திரிகையை அண்ணனுக்குத்தான் கொண்டுவந்தார். அப்படிச் சொன்னார். அப்பா ட்யூட்டி முடிந்து வந்து காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றாமல் பத்திரிகையைப் பிரித்தார். மாப்பிள்ளை யார், முகூர்த்தம் எப்போது என்பதெல்லாம் எங்கள் வீட்டில் அப்புறம் பார்க்கிற விஷயம். முதலில் தன் பெயர் எங்கே, யாருக்கு மேலே, யாருக்குக் கீழே. அப்பா தன் பெயரைக் கண்டுபிடித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை கண்டுபிடித்தார்.

"அண்ணே, அச்சடிச்சவன் பண்ண தப்புண்ணே" என்று சித்தப்பா காபி டம்ளரோடு எழுந்தார்.

"செத்தவன்கிட்ட என்னடா பேச்சு? போய் உன் சோலியப் பாரு" என்றார் அப்பா. பத்திரிகையை நாலாகக் கிழித்துத் தட்டிலேயே போட்டார். அதுதான் தம்பியோடு அவர் பேசிய கடைசிப் பேச்சு.

பாவம், சித்தப்பா சும்மா இருந்திருக்கலாம். மிச்சப் பத்திரிகைகளில் அந்த ஒரு சொல்லின் மேல் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டினார். ஒட்டாமல் விட்டிருந்தால் பாதிப் பேர் கவனித்திருக்கவே மாட்டார்கள். ஸ்டிக்கரைப் பார்த்ததும் அரியலூர் மாவட்டமே நகத்தால் சுரண்டிப் பார்த்தது. அதற்கு முன்பே தபாலில் சில பத்திரிகைகள் போயிருந்தன. வேப்பந்தட்டையிலிருந்து தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் பஸ் பிடித்து மாலையோடு வந்து இறங்கினார். கதவைத் திறந்தது அப்பா. வந்தவருக்கு மாலையை என்ன செய்வதென்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் யோசித்து, கூடத்தில் இருந்த முருகன் படத்துக்குப் போட்டுவிட்டு, காபி குடித்துவிட்டுப் போனார்.

அப்பா கல்யாணத்துக்குப் போகவில்லை. கேட்டவர்களிடம், "செத்தவன் எப்படிங்க கல்யாணத்துக்குப் போறது?" என்றார். அதற்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் நல்லது கெட்டதுக்குப் போக்குவரத்து இல்லை. அப்பாவின் கோபத்துக்கு நான் பவர் ஏஜெண்ட் மாதிரி இருந்தேன். அவர் ஓய்வெடுத்துக்கொண்ட நாட்களிலும் அவர் சார்பில் நான் கோபமாக இருந்தேன்.

இந்தக் கதையை எங்கள் வீட்டில் எத்தனை தடவை சொல்லியிருப்போம் என்று கணக்கில்லை. சொல்லச் சொல்ல அது வளர்ந்தது. அன்றைக்குச் சித்தப்பா வாய்க்குள்ளேயே சிரித்தார் என்று அம்மா சேர்த்துக்கொண்டார். முதலில் அப்படிச் சொல்லவில்லை. அந்தச் சொல் சிவப்பு எழுத்தில் இருந்தது என்று நான் சத்தியம் செய்வேன். கறுப்பு என்று அம்மா சத்தியம் செய்வார். மாலையோடு வந்தவர் வாசலில் திகைத்து நின்ற காட்சி எனக்கு அப்படியே கண்ணில் இருக்கிறது. செவ்வந்தி மாலை. அதிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. நான் கதவுக்குப் பின்னால் நின்று பார்க்கிறேன். ஒரே ஒரு சிக்கல், அவர் வந்த நேரத்தில் நான் வீட்டிலேயே இல்லை. வகுப்பில் இருந்தேன். அம்மா சாயங்காலம் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கேட்ட கதையை என் மூளை எனக்கே தெரியாமல் படம் பிடித்து, அதில் எனக்கும் ஒரு வேஷம் கொடுத்து, செவ்வந்தியும் வாங்கிப் போட்டுவிட்டது. இப்படிப்பட்ட மூளையை நம்பித்தான் நாம் சொந்தபந்தங்களை முறித்துக்கொள்கிறோம்.

பிறகு அப்பாவுக்கு மறக்க ஆரம்பித்தது. முதலில் எங்களுக்குத் தெரியவில்லை, ஏனென்றால் மறப்பது எங்கள் வீட்டில் பெரிய சமாச்சாரமில்லை. சாப்பிட்டு எழுந்து கை கழுவிவிட்டு, "என்ன, இன்னும் இலை போடலியா?" என்று அவர் கேட்டபோதுதான் அம்மா பயந்தார். ஆனால் பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் சாலையில் எந்த வளைவில் வேகத்தைக் குறைக்க வேண்டும், எந்த நிறுத்தத்தில் பாட்டிகள் கூடைகளோடு நிற்பார்கள் என்று வரிசையாகச் சொல்வார். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது தெருவில் ஏதாவது ஆட்டோ குறுக்கே வந்தால் அவருடைய வலது கால் தரையை அழுத்தும். பிரேக்.

திருச்சியில் ஒரு மருத்துவரிடம் காட்டினோம். "இன்னைக்கு என்ன கிழமை ஐயா?" என்று அவர் கேட்டார்.

"அதெல்லாம் கண்டக்டர் பாத்துப்பாரு சார்" என்றார் அப்பா.

மருத்துவர் சிரிக்கவில்லை. புதிதாக வந்த நினைவுகள் முதலில் போகும், பழையவை ரொம்ப நாள் நிற்கும் என்று எங்களுக்கு விளக்கினார். நான் அதை எனக்குத் தெரிந்த வகையில் புரிந்துகொண்டேன். கூட்டமான பஸ்ஸில் கடைசியாக ஏறியவன் படியில் நிற்கிறான், முதலில் இறங்குபவனும் அவன்தான். ஜன்னலோரம் சீட் பிடித்தவன் போய்ச் சேரும்வரை எழுந்திருக்க மாட்டான். அப்பாவின் பஸ்ஸில் படியில் நின்றுகொண்டிருந்தது எது என்று அன்றைக்கு நாங்கள் யோசிக்கவில்லை.

ஒரு காலையில் அப்பா வெள்ளை வேட்டி கட்டி, தலையை வாரிக்கொண்டு வந்து நின்றார்.

"தம்பியப் பாத்து ரொம்ப நாளாச்சு. ஒரு எட்டு போயிட்டு வந்துர்றேன்."

அம்மா கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. "எந்தத் தம்பிய?"

"எனக்கு எத்தன தம்பி இருக்கான்?"

"அவரோடதான் உங்களுக்குப் பேச்சே இல்லயேங்க."

"யாரு சொன்னது?"

"நீங்கதான்."

"நான் எதுக்கு அப்படிச் சொல்லப்போறேன்?" என்று அப்பா உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார்.

நான் அவரை உட்காரவைத்துக் கதை முழுவதையும் சொன்னேன். தெய்வத்திரு, ஸ்டிக்கர், மாலை, எதையும் விடவில்லை. அவர் பொறுமையாகக் கேட்டார். "என் தம்பியா? அவன் அப்படிப்பட்ட ஆளு இல்ல. யாரோ உன்கிட்ட மூட்டி வுட்ருக்காங்க பாப்பா" என்றார். ஆதாரம் காட்டலாம் என்றால் பத்திரிகையை அவரே கிழித்துவிட்டார். பத்து வருடமாக அவருக்காக நாங்கள் பொத்திப் பொத்திக் காப்பாற்றிய பகை, நிரூபிக்க வழியில்லாமல் நடுக்கூடத்தில் கிடந்தது. பொருளுக்கு உரியவரே வந்து என்னுடையது இல்லை என்று சொல்லிவிட்டால் காவல்காரன் என்ன செய்வான்?

அன்றைக்கு எப்படியோ பேச்சை மாற்றி நிறுத்திவிட்டோம். அதே வாரத்தில் அம்மா ரேஷன் கடைக்குப் போன நேரம் பார்த்து அவர் கிளம்பிவிட்டார். நான் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு பஸ் ஸ்டாண்ட் முழுக்கத் தேடினேன். தண்ணீர் விற்பவர்களையெல்லாம் விசாரித்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்போது தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது.

"பாப்பா, சித்தப்பா பேசுறேன்." அவர் குரலை நான் மறந்திருக்கவில்லை. "அண்ணன் வந்துட்டாருமா. தானா வந்துட்டாரு. வாசல்ல வந்து நின்னு, 'என்னடா, சாப்டியா'ன்னு கேட்டாரு பாப்பா." அழுதார். அண்ணன் மன்னித்துவிட்டார் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார் என்பது எனக்குப் புரிந்தது.

வாடகைக் கார் எடுத்துக்கொண்டு நானும் அம்மாவும் கிளம்பினோம். வழி முழுக்க எங்களுக்குள் சண்டை. "நீ எதையும் சொல்லித் தொலைக்காத. அவராவது சந்தோசமா இருக்கட்டும்" என்றார் அம்மா. பத்து வருடமாகச் சித்தப்பாவைச் சபித்துக்கொண்டிருந்த அதே அம்மா. சொல்லாமல் எப்படி விடுவது? நாளைக்குச் சித்தப்பா வீட்டில் அப்பாவைத் தனியாக பஸ் ஏற்றி அனுப்பிவிட்டால், அவர் எங்கே இறங்கினார் என்று மாவட்டம் மாவட்டமாகத் தேட முடியுமா? விஷயம் தெரிந்தால்தானே பத்திரமாகப் பார்த்துக்கொள்வார்கள்.

தா.பழூரில் நாங்கள் போய் இறங்கியபோது சித்தப்பா வீட்டில் கல்யாணக் களை. சித்தி கோழிக் குழம்பு வைத்திருந்தார். அப்பா வாழை இலை முன்னால் உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம் ஊத்து" என்று அதிகாரம் பண்ணிக்கொண்டிருந்தார். அக்கம்பக்கத்தார் வேலி ஓரம் நின்று எட்டிப் பார்த்தார்கள். தண்ணீர்க் குடத்தோடு நின்ற ஒரு அம்மா என்னிடம், "ஒங்கப்பா வந்து தம்பிகிட்ட மாப்பு கேட்டுட்டாராமே, பெரிய மனசு" என்றார். நடந்து அரை நாள்கூட ஆகவில்லை, அதற்குள் ஆள் மாறிவிட்டது. நாளைக்கு அடுத்த தெருவில் காலில் விழுந்தார் என்று ஆகியிருக்கும்.

நான் சித்தப்பாவைக் கொல்லைப்புறம் அழைத்துப்போனேன். அவர் ரொம்பவும் மெலிந்திருந்தார். "சித்தப்பா, அப்பாவுக்கு மறதி வந்துருச்சு" என்றேன்.

"வயசானா எல்லாருக்கும் உள்ளதுதான பாப்பா."

"இது அப்படி இல்ல. வைத்தியம் பாக்கறோம். நீங்க சண்ட போட்டதே அவருக்கு ஞாபகத்துல இல்ல."

சிரித்துக்கொண்டிருந்த அவர் முகம் மெல்ல மெல்ல மாறியது. "அப்ப கோவம் தீந்து வரலியா?"

"கோவம்னு ஒண்ணு இருந்ததே அவருக்குத் தெரியாது."

சித்தப்பா துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டார். என்ன சொல்வதென்று தெரியாத நேரத்தில் என் வாய் கிண்டலுக்குப் போய்விடும். "விடுங்க சித்தப்பா. வாதியே கேஸ மறந்துட்டாரு. தள்ளுபடி" என்றேன்.

"தள்ளுபடி ஆயிட்டா நான் பண்ணது தப்பில்லன்னு ஆயிருமா?" என்று அவர் கேட்டார். பிறகு தலையை நிமிர்த்தாமல் சொன்னார். "அச்சடிக்கறதுக்கு முன்னால சரி பாக்கச் சொல்லி ப்ரூஃப் என்கிட்டதான் குடுத்தான் பாப்பா. நான்தான் பாத்தேன். சம்பந்தி பேருக்குப் பின்னால 'தலைமையாசிரியர், ஓய்வு'ன்னு சரியாப் போட்டிருக்கானா, மாப்பிள்ள படிப்பச் சரியாப் போட்டிருக்கானா, அத மட்டுந்தான் பாத்தேன். அண்ணன் பேரப் பாக்கவே இல்ல. நம்ம அண்ணந்தானன்னு தாண்டிப் போயிட்டேன். அப்பறம் பழிய அச்சுக்காரன் மேல போட்டுட்டேன். இத அண்ணங்கிட்டச் சொல்லி, அவரு நாலு அறை அறைஞ்சு, சரி போன்னு சொல்லணும்னு இருந்தேன்."

மறந்துவிட்டேன், மறந்துவிட்டேன் என்று நாம் சொல்வதில் பாதி, பார்க்கவே இல்லை என்பதுதான். எப்போதும் இருக்கிற ஆளை யார் உற்றுப் பார்க்கிறார்கள்? புதுச் சம்பந்திக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தவர், அண்ணனைக் கண்ணை மூடிக்கொண்டு தாண்டியிருக்கிறார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இத்தனை வருடம் அவர் மேல் வைத்திருந்த எரிச்சல் பழகிப்போயிருந்ததால், பாவப்படுவதுகூட எரிச்சலாக இருந்தது.

"எனக்கு அவரு வாயால ஒரு வார்த்த வேணும் பாப்பா" என்றார். "அவரு மறந்தது எனக்குப் பத்தாது."

சாப்பாடு முடிந்து அப்பா வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்திருந்தார். சித்தப்பா அவர் காலடியில் தரையில் உட்கார்ந்தார். நானும் அம்மாவும் நிலைப்படியில் நின்றோம்.

"அண்ணே, எம் பொண்ணு பத்திரிகையில உன் பேரு தப்பா விழுந்தது என்னாலதான். நான்தான் சரியாப் பாக்கல" என்றார் சித்தப்பா.

"என்னத்த உளறுற? நீயாவது அப்படிச் செய்யறதாவது" என்று அப்பா கையை வீசி ஒதுக்கினார். "ஆமா, பொண்ணு கல்யாணம் எப்ப?"

சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார். இந்தத் தடவை 'நான்' இல்லை.

"இங்க பக்கத்துல ஒருத்தர் வூட்ல நடந்ததுண்ணே. தம்பிகாரன் பத்திரிகை அடிச்சான். அதுல உசுரோட இருக்கற அண்ணன் பேருக்கு முன்னால தெய்வத்திருன்னு விழுந்துபோச்சு."

"அடப்பாவி!" அப்பாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இருமல் வரும்வரை சிரித்தார். "உசுரோட இருக்கறவனுக்கா? அப்பறம்?"

"அப்பறம் என்ன. ஒருத்தரு மாலையோட வந்துட்டாரு."

அப்பா தொடையில் தட்டிச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்துப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. அம்மாவும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். சித்தப்பாவும் சிரித்தார், ஆனால் அவர் கண்ணில் தண்ணீர் நின்றது.

"அண்ணங்காரன் என்ன பண்ணாரு?"

"பேசறத நிறுத்திட்டாருண்ணே."

"எத்தன நாளு?"

"வருசக்கணக்கா."

அப்பாவின் சிரிப்பு நின்றது. "கூடப்பொறந்தவங்கிட்டயா?"

"ஆமாண்ணே. தப்பு தம்பி மேலதான். அவன் சரியாப் பாக்கல. பொய்யும் சொல்லிட்டான்." சித்தப்பா அண்ணனின் காலைப் பிடித்துக்கொண்டார். கால் பிடித்துவிடுகிறார் என்று அப்பா நினைத்திருக்க வேண்டும், வாகாக நீட்டிக் கொடுத்தார். "இப்ப அந்தத் தம்பி போயி, தெரியாமப் பண்ணிட்டேன்னு மாப்பு கேட்டா, அண்ணங்காரர் மன்னிப்பாராண்ணே?"

அப்பா யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். அடுத்த வீட்டு விவகாரத்தில் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்ற நிதானத்தோடு தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு ஆட்டோ திரும்பியது. அவர் வலது கால் சித்தப்பாவின் கைக்குள்ளேயே ஒரு முறை அழுத்தியது.

"அத எங்கிட்டக் கேட்டா எப்படி? அவரயில்ல கேக்கணும்" என்றார்.

சித்தப்பா தலை குனிந்துகொண்டார். அப்பா அவர் தோளில் கைவைத்து ஆறுதலாகச் சொன்னார்.

"சீக்கிரம் போயிக் கேக்கச் சொல்லு. அவருக்கும் வயசாயிருக்கும்ல."

"சொல்றேண்ணே" என்றார் சித்தப்பா.